சுயவெளியீட்டு நூல்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். சிறு பதிப்பகங்களும் எழுத்தாளர்களே சொந்தமாகவும் வெளியிடும் புதிய புத்தகங்களுக்கு, கதை கவிதை கட்டுரை என்று வகைமை பாராமல், தொடர்ந்து விமர்சனம் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

பெரிய பதிப்பகத்துப் புத்தகம் கடைக்கு வருமுன் எடிட்டர், மெய்ப்புத் திருத்துபவர், வடிவமைப்பாளர் என்று சிலர் பார்த்திருப்பார்கள். சுயவெளியீட்டில் பல சமயம் எழுதியவரைத் தவிர யாரும் அதை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். அதனால் உங்கள் முதல் வேலை குறைகளைப் பிரித்துப் பார்ப்பது: எழுத்தின் குறை எது, எடிட்டிங் இல்லாததால் வந்தது எது, அச்சிலோ கோப்பிலோ வந்தது எது. மூன்றையும் ஒன்றாகக் கட்டி ‘ஏமாற்றம்’ என்று எழுதினால் வாசகருக்கும் பயனில்லை, எழுதியவருக்கும் பயனில்லை.

நூல்கள் கிடைப்பதில் சிரமம் இருக்காது. 1977இல் தொடங்கிய, ஜனவரி வாக்கில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் தமிழில் புதுநூல்கள் குவிகின்றன. காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சிறு பதிப்பகங்கள் பலவும் தனி அரங்கு எடுப்பதில்லை. அவற்றின் நூல்கள் வேறொருவர் அரங்கில் ஒரு தட்டில் இருக்கும், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மற்ற மாதங்களில் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் போன்ற கடைகளில் விசாரியுங்கள். மின்னூல் என்றால் அமேசானின் கிண்டில். மின்னூலை அமேசானில் மட்டுமே தர ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் இருக்கும் நூலை அதன் ஆசிரியர் 90 நாள் தவணை ஒவ்வொன்றிலும் 5 நாள் வரை இலவசமாகத் தரலாம். என் கருத்து: ஜனவரியிலேயே எழுதி முடிக்க அவசரப்படாதீர்கள். அந்தக் கூட்டத்தில் எதுவும் எடுபடாது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை, நூலைப் பற்றிப் பேச ஆளில்லாத நேரத்தில் வரும் விமர்சனம்தான் சிறு நூல்களைக் காப்பாற்றுகிறது.

புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படியுங்கள். முதற்பதிப்பு எந்த மாதம், எந்த ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எனும் நூல் அடையாள எண் உண்டா, இதழிலோ செயலியிலோ முன்பு தொடராக வந்ததா என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். பழைய தொடர்கதை புதுப் பெயரில் ‘புதிய நாவல்’ ஆவது உண்டு. ஐ.எஸ்.பி.என். இல்லாதது தரக்குறைவு என்று பொருளில்லை. கிண்டில் மின்னூலுக்கு அது கட்டாயமே இல்லை. அணிந்துரையையும் வாழ்த்துரையையும் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அதை எழுதியவர் கண்ணால்தான் புத்தகத்தைப் பார்ப்பீர்கள்.

அடுத்தது பிழைக் கணக்கு. ‘எழுத்துப்பிழைகள் அதிகம்’ என்று எழுதவே கூடாது. தொடக்கத்தில் 3 பக்கம், நடுவில் 4, முடிவில் 3 என்று பத்துப் பக்கங்களை எடுத்து எண்ணுங்கள். முதல் அத்தியாயம் சுத்தமாகவும் கடைசி அத்தியாயம் பிழை மண்டியும் இருந்தால், மெய்ப்பு பாதியில் நின்றிருக்கிறது. பிழையின் வகையும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரே பிழை நூல் முழுக்க ஒரே மாதிரி வந்தால் அது எழுத்துரு மாற்றத்தில் நேர்ந்ததாக இருக்கலாம்: பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், ‘கௌ’ என்பது ‘கெள’ ஆகும். ர-ற, ல-ள-ழ, ண-ன குழப்பமும் ஒற்றுப்பிழைகளும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் மெய்ப்புப் பார்க்க ஆளே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். இந்த வேறுபாடு முக்கியம். கிண்டில் கோப்பையும், ஆர்டர் வர வரத் தேவைக்கேற்ப அச்சிடும் நூலின் கோப்பையும் ஆசிரியர் சில நாட்களில் மாற்றிவிட முடியும். ஆஃப்செட்டில் மொத்தமாக அடித்துவிட்டால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். எனவே பிழைப்பட்டியலைப் பக்க எண்ணோடு தனியாக ஆசிரியருக்கு அனுப்புங்கள். விமர்சனத்தில் ஒரே வரி போதும், எந்த மாதத்துப் பிரதியைப் படித்தீர்கள் என்ற குறிப்போடு.

இனி வகைமை. எல்லா நூலுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதுதான் பல வகைமைகளில் எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு. இலக்கிய நாவலின் கண்ணால் துப்பறியும் கதையைப் படித்து ‘பாத்திரங்களில் ஆழமில்லை’ என்று எழுதுவது அந்த நூலைப் பற்றி எதுவும் சொல்வதாகாது. துப்பறியும் கதைக்கு ஒரு தாளில் காலவரிசை போடுங்கள்: யார், எங்கே, எத்தனை மணிக்கு. குற்றவாளி யாரென்று தெரிந்ததும் திரும்பிப் போய் அதற்கான தடயங்களைத் தேடுங்கள். குறைந்தது இரண்டு மூன்று தடயங்கள் முந்தைய பக்கங்களில் இருந்தால் ஆசிரியர் நேர்மையாக ஆடியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில்தான் புதிய தகவல் வருகிறதென்றால் வாசகர் ஏமாற்றப்பட்டிருக்கிறார். மிகைபுனைவுக்கும் (ஃபேன்டசி) அறிவியல் புனைவுக்கும் இதே தாளில் அந்த உலகத்தின் விதிகளைக் குறியுங்கள். உச்சக்கட்டத்தில் வசதிக்காக ஒரு விதி உடைகிறதா என்று பாருங்கள்.

காதல், குடும்ப நாவல்கள் பெரும்பாலும் செயலிகளில் தொடராக வந்தவை. தொடரில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முன்கதை நினைவூட்டல் தேவை, புத்தகத்தில் அது சுமை. நான்கைந்து அத்தியாயங்களின் முதல் பத்தியை விட்டுவிட்டுப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால், தொடர் நூலாக்கப்படும்போது யாரும் கத்தரிக்கோல் வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அந்த வகைமையைத் தாழ்த்தாதீர்கள். அதற்கென்று தேர்ந்த வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்களைவிட நுட்பமாகப் படிப்பவர்கள்.

உள்ளூர் வரலாற்று நூல்களில்தான் அதிக உழைப்பு தேவைப்படும், பலனும் அதிகம். ‘ஒரு கல்வெட்டு கூறுகிறது’ என்று மட்டும் இருந்தால் சரிபார்க்க வழியில்லை. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்ற நூல்வரிசையின் தொகுதி எண்ணோ, தொல்லியல் துறை ஆண்டறிக்கை எண்ணோ இருக்க வேண்டும். மூன்று மேற்கோள்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பூர் கன்னிமாராவிலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ மூலத்தைப் பாருங்கள். மூலமே இல்லாமல் போவதைவிட, மூலம் சொல்வது குறைவாகவும் நூலாசிரியர் சொல்வது அதிகமாகவும் இருப்பதுதான் வழக்கமான கோளாறு. சங்கப் பாடல் மேற்கோள்களை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பிலேயே முதற்கட்டமாக ஒப்பிட்டுவிடலாம். வாய்மொழித் தகவல்களை அலட்சியப்படுத்தாதீர்கள். பல உள்ளூர் நூல்களின் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது. சொன்னவர் யார், எந்த ஊர், என்ன வயது என்று பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதையை எடுத்து, வரி உடைப்பை நீக்கி உரைநடையாக எழுதிப் பாருங்கள். எதையும் இழக்கவில்லை என்றால் அந்த உடைப்புக்கு வேலையில்லை. பிறகு வாய்விட்டுப் படியுங்கள். சிறந்த ஒன்றை மட்டும் காட்டிப் புகழாமல், மொத்தத்தில் எத்தனை நிற்கின்றன என்றும் சொல்லுங்கள். சமையல் நூலென்றால் அதில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து, கைப்பழக்கத்தைச் சேர்க்காமல், இரண்டு பதார்த்தங்கள் செய்ய வேண்டும். ‘தேவையான அளவு’ என்பது உப்புக்குச் சரி, புளிக்குச் சரியில்லை. மொழிபெயர்ப்பில் மூலத்தின் தலைப்பும், எந்த மொழி வழியாக வந்தது என்பதும், உரிமைக் குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறுவர் நூலைக் குழந்தையிடம் படித்துக் காட்டாமல் எழுதாதீர்கள். மருத்துவ நூலில் அளவும், யார் சாப்பிடக்கூடாது என்பதும் உள்ள பக்கங்களைப் பதிவுபெற்ற சித்த மருத்துவர் ஒருவர் பார்க்காமல் பரிந்துரைக்கவே வேண்டாம்.

பங்குச்சந்தை, சுயமுன்னேற்றம், பொது அறிவு மின்னூல்களில் ஒரு கூடுதல் சோதனை வேண்டும்: வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டியதா? தனித்தன்மையுள்ள மூன்று வாக்கியங்களில் எட்டுப் பத்துச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். தமிழில் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவதால் இரண்டு விதமாகவும் தேடுவது அவசியம். பொருந்தினால், எது முதலில் வந்தது என்று தேதியை உறுதிசெய்யாமல் ‘திருட்டு’ என்ற சொல்லை எழுதாதீர்கள்.

எழுதும்போது 600 முதல் 800 சொற்கள் போதும். முதல் பத்தியிலேயே நூல் எதைப் பற்றியது, யாருக்கு ஏற்றது என்பது வந்துவிட வேண்டும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றை விடாதீர்கள். தேவைக்கேற்ப அச்சிடும் நூலில் பக்கத்துக்கு ஆகும் செலவு அதிகம், ஆகவே விலையைப் பெரிய பதிப்பகத்தோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது நியாயமில்லை. நூலிலிருந்து மூன்று நான்கு வரிகளாக இரண்டு இடங்களை எடுத்துக்காட்டுங்கள், ஒன்று நன்றாக வந்த இடம், ஒன்று சறுக்கிய இடம். கிண்டிலில் எழுத்தளவை மாற்றினால் திரையில் விழும் பக்கம் மாறும், அதனால் அத்தியாயத்தைக் குறிப்பிடுங்கள். விமர்சனத்துக்காக நியாயமான அளவு மேற்கோள் காட்டுவதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் எட்டு வரிக் கவிதையை முழுதாகப் போடுவது அந்த நியாயத்துக்குள் அடங்காமல் போகலாம். துப்பறியும் கதையின் சுருக்கத்தை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திவிடுங்கள்.

பணம் வாங்காதீர்கள், எவ்வளவு சிறிய தொகையானாலும். பிரதி இலவசமாக வந்திருந்தால் ‘ஆசிரியர் அனுப்பிய பிரதி’ என்று மேலேயே எழுதுங்கள். இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றிப் பேசுபவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றமும் நெறிமுறை வகுத்திருக்கிறது. அமேசானில் இலவசப் பிரதி பெற்று எழுதத் தடையில்லை, எழுதித்தான் ஆகவேண்டும் என்று நிபந்தனை போட்டாலோ, என்ன எழுதுவது என்பதில் தலையிட்டாலோதான் தவறு. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் அங்கே எழுதக்கூடாது. சென்னையில் எழுத்தாளர்களை வெளியீட்டு விழாக்களில் அடிக்கடி சந்திப்பீர்கள். எந்த நூலின் விழா மேடையில் பேசினீர்களோ அதற்கு விமர்சனம் எழுதாமல் விட்டுவிடுங்கள்.

வரும் பிரதிகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்: வந்த தேதி, வகைமை, வாங்கியதா தரப்பட்டதா, படித்து முடித்த தேதி. ஒரே வகைமையில் தொடர்ந்து இரண்டுக்கு மேல் எடுக்காமல் இருந்தால் கண் பழகிப்போகாது. பிரதியை ஏற்கும்போதே ‘படிப்பேன், எழுதுவதாக உறுதி தரவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். ஐம்பது பக்கத்தில் நிறுத்திய நூலுக்குப் பொதுவெளியில் எழுத வேண்டாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஆசிரியருக்கு மட்டும் நான்கு வரி அனுப்புங்கள். வெளியான விமர்சனத்தில் தகவல் பிழை இருப்பதாக ஆசிரியர் சுட்டினால் பக்கத்தைப் பார்த்து, சரியென்றால் தேதியிட்டுத் திருத்துங்கள். கருத்தை மாற்றச் சொன்னால், அவருடைய மறுப்பை அவர் சொற்களிலேயே விமர்சனத்தின் கீழே சேர்த்துக்கொள்ளலாம், உங்கள் வரிகளை அப்படியே விட்டுவிட்டு.