இலவச கம்ப்யூட்டர் பயிற்சி: 38 வயதில் சேரலாமா?

கேள்வி: அக்கா, நான் கொருக்குப்பேட்டை. வயது 38, பிளஸ் டூ படித்திருக்கிறேன். 15 வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். இப்போது கம்பெனியை மூடிவிட்டார்கள். 'மூன்று மாத இலவச ஐடி பயிற்சி, வேலை உறுதி' என்று தெருவில் நோட்டீஸ் கொடுத்தார்கள். போய்க் கேட்டால் 2,000 ரூபாய் டெபாசிட்டும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் வேண்டுமாம். "இந்த வயசுல உனக்கு எவன் வேலை குடுப்பான்" என்கிறார் வீட்டுக்காரர். சேரலாமா?

பதில்: அந்த இடத்தில் சேராதீர்கள், தங்கச்சி. ஆனால் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள்.

டெபாசிட் கேட்ட பிறகு அது என்ன இலவசம்? ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷன், தாசில்தார் ஆபீஸ் என்று அலைவது உங்கள் தலையில்தான் விழும்.

வயது விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பல திட்டங்களில் 35-ஓடு கோடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவில் குறுகிய காலப் பயிற்சிக்கு 45 வயது வரை சேரலாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். உங்கள் பக்கம் எந்த மையத்தில் என்ன வகுப்பு நடக்கிறது என்று நேரில் கேளுங்கள்.

எதைப் படிப்பது? இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மூன்று மாதத்தில் ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆரை விடுங்கள், உங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் எவ்வளவு தூரம்? தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அங்கே யாராவது உட்கார்ந்து தப்பில்லாமல் டைப் அடித்தாக வேண்டும். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது. எக்செல், கணக்கு எழுதும் டேலி, டைப்பிங், இந்த மூன்றும் கைக்கு வந்தால் போதும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சைஸ், பீஸ், கார்ட்டன் என்று எண்ணிப் பழகியவர் நீங்கள். பேக்கிங் லிஸ்ட் ஒன்றும் புதுசில்லையே!

வியாசர்பாடியில் ஒரு வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். உங்களைப் போலவே தையலில் இருந்த ஒரு பெண். மவுஸை நகர்த்த நகர்த்த அது மேசை ஓரத்துக்கு வந்துவிட்டது, தூக்கி நடுவில் வைக்கலாம் என்று தோன்றாமல் கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் கால் தானாகப் பெடலைத் தேடியது. பார்த்துவிட்டு அவரே சிரித்தார். பத்து நாள் கழித்துப் போனபோது கீபோர்டைப் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தார். மெஷினில் பழகிய விரலாயிற்றே.

எந்த மையமாக இருந்தாலும் போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள். இப்போது எங்கே வேலை, கையில் எவ்வளவு வருகிறது என்று அவர்களிடமே விசாரியுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அடுத்த மையம்.

இலவசப் படிப்புக்கும் செலவு உண்டு, அதை வீட்டில் பேசிவிடுங்கள். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் மூன்று மாதம் உங்கள் வருமானம் வராது. பகுதிநேர வகுப்பு கிடைத்தால் பாதி நாள் தைக்கலாம். ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. ராத்திரி சமையல் முடிந்து போனிலேயே பார்க்கலாம். ஆனால் கை பழகக் கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

அப்புறம், கிளம்பும் முன் ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பதிவு செய்யும்போது ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். பழைய சிம் தூக்கிப்போட்டிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.