வாய்தா தள்ளிப்போனதற்காகச் செபத்தை விட வேண்டாம்

சகோதரி, பணிக்கொடை (வேலையை விட்டபின் நிறுவனம் தரவேண்டிய கிராஜுவிட்டி) வழக்கு மறுபடியும் ஜனவரிக்குத் தள்ளிப்போனதில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலச் செபமே வாயில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராவிட்டால் போகட்டும், அந்தக் கோபத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். சிறையில் கிடந்த திருமுழுக்கு யோவானே, வரவேண்டிய மெசியா நீர்தானா என்று ஆள் விட்டுக் கேட்டாரே (மத்தேயு 11), அதற்காக இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உயர்த்தித்தான் பேசினார். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அந்த ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றும்போதெல்லாம் எனக்கு யோவான் ஞாபகம்தான் வரும்.

ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. லூக்கா 18-இல் வரும் கைம்பெண் நீதி கேட்டு நடுவரிடம் போய்க்கொண்டேதான் இருந்தார். சட்டப்படி, வேலையை விட்ட 30 நாளுக்குள் பணிக்கொடையைத் தந்திருக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. அந்த வட்டியை மனுவில் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த வாய்தாவுக்கு முன்பே வக்கீலிடம் பேசிவிடுங்கள், அப்புறம் பழைய சம்பளச் சீட்டுகளையும் நகல் எடுத்து வையுங்கள்.