கண் பார்வை போனவங்க இன்சுலின் ஊசிய தானே போட்டுக்க முடியுமா? கூட ஆள் இல்லாம தனியா விடலாமா?

முடியும். நான் போடுதேன். எனக்கு டைப் 1 சுகர், ஸ்கூல் படிக்கும்போதே வந்தது, முப்பது வயசு நெருங்கும்போது ரெட்டினாவுல ரத்தக்கசிவு ஆகி லேசர், ஆபரேஷன் எல்லாம் பாத்தும் ரெண்டு கண்ணும் போயிட்டு. இருக்கது பாளையங்கோட்டை. ஸ்கூல்ல டீச்சர், இன்னமும் வேலைக்குப் போறேன்.

"தனியா விடலாமா"ன்னு கேட்டிருக்கீங்கல்லா, அதுலயே எனக்குப் புரியுது, உங்க வீட்ல அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இப்பதான் பார்வை போயிருக்கு, ஊசி போடுத பொறுப்பு உங்க தலையில விழுந்திருக்கு, நீங்க வேலைக்கும் போகணும், விட்டுட்டுப் போகவும் மனசு வரல. நான் நினைச்சது தப்புன்னா மன்னிச்சிருங்க. ஆனா இந்தக் கேள்விய என்கிட்ட நேர்லயே கொள்ள பேரு கேட்டிருக்காங்க, கேக்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளுனு இருக்கும். 1890ல ஆஸ்க்வித் அம்மா பார்வை இல்லாத பிள்ளைகளுக்குன்னு பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச ஊரு எங்க ஊரு. அங்க படிச்சவங்க எத்தனையோ பேரு தனியா சமைச்சு, பஸ் ஏறி, வேலை பாத்து, குடும்பம் நடத்துதாங்க, எனக்குக் கம்பு புடிச்சு நடக்கச் சொல்லிக்குடுத்ததே அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு சார்தான். அந்த ஊர்லயே இப்படிக் கேக்காங்களேன்னு வருத்தம்.

நான் போடுதது இன்சுலின் பேனா, மருந்து உள்ளயே இருக்கும், பேனா மாதிரி இருக்க ஊசி. கீழ யாராவது வந்து, "பேனாவோட வர்ற சீட்டுலயே பார்வை இல்லாதவங்க துணை இல்லாம போடக்கூடாதுன்னு அச்சடிச்சிருக்கே"ன்னு சொல்லுவீங்க. அச்சடிச்சிருக்கு, எனக்கும் தெரியும். நானும் பேனா வாங்கின அன்னைக்கே தனியா குத்திக்கல. எங்க சுகர் டாக்டர்கிட்ட வேலை பாத்த நர்ஸ் அக்கா பக்கத்துல உக்காந்து, நான் எண்ணுததும் பேனாவுல தெரியுத நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாத்தாங்க, அதுக்கப்புறம் எங்க அம்மா வாரக்கணக்குல பக்கத்துல நின்னு பாத்தாங்க, பிறகுதான் தனியா. எல்லாருக்கும் முடியும்னும் நான் சொல்லல. சுகராலயே விரல் மரத்துப்போனவங்களுக்கு நான் சொல்லுத முறை ஒத்து வராது, லோ ஆகுறது, அதாவது சுகர் ரொம்ப இறங்குறது, முன்கூட்டியே உடம்புக்குத் தெரியாம திடீர்னு மயங்குறவங்களுக்கு ஆள் வேணும். டோஸ் எவ்வளவுன்னும் சொல்ல மாட்டேன், அத டாக்டர்தான் சொல்லணும்.

சரி, எப்படிப் போடுதேன்னு சொல்லுதேன். பாட்டில் மருந்து, சிரிஞ்சு இதெல்லாம் தனியா இருக்கவங்களுக்கு வேண்டாம். நம்ம நாட்டுல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டு, பேனாவுல வர்றது 100 யூனிட்டு. சிரிஞ்சுல சிவப்பு மூடின்னா நாப்பதுக்கு, ஆரஞ்சு மூடின்னா நூறுக்கு. 100 மருந்த 40 சிரிஞ்சுல பத்து கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட்டு. உயிரு போற வித்தியாசத்த வெறும் கலர்ல வச்சிருக்காங்க, அது நமக்கு எதுக்கு ஆகும். அதனால பேனாதான்.

பேனாவுல பின்பக்கம் இருக்க திருகைத் திருகினா ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு க்ளிக், காதுலயும் கேக்கும், கட்டைவிரல் நகத்துலயும் தட்டும். அரை யூனிட்டுக்கு ஒரு க்ளிக் உள்ள பேனாவும் இருக்கு, குழந்தைகளுக்குக் குடுப்பாங்க, அதனால வாங்கும்போதே கேட்டுக்கணும். முதல்ல பின்னால திருகி முட்ட வைப்பேன், அதுதான் பூஜ்யம். புது ஊசிய மாட்டி, வெளி மூடி உள் மூடி ரெண்டையும் எடுத்துட்டு, ரெண்டு க்ளிக் வச்சு, ஊசி மேல பாக்க நிமித்திப் புடிச்சு அமுக்கினா நுனியில சொட்டு வரணும். அத எப்படிப் பாப்பன்னு கேப்பீங்க. அமுக்கின உடனே பேனாவச் சாய்ச்சு, நுனி குத்தாம சொட்ட மட்டும் இடது புறங்கையில படுத மாதிரி தொடுவேன், ஜில்லுனு ஈரம் தெரியும், மூக்குகிட்ட கொண்டு போனா ஆஸ்பத்திரி வராண்டா வாசம் வரும். இன்சுலின்ல கிருமி வராம இருக்கச் சேக்குத பீனாலோட வாசம் அது. ஈரமும் வாசமும் வந்தாத்தான் மேல போவேன், வரலன்னா திரும்ப ரெண்டு க்ளிக். பேனாவுக்குள்ள காத்துக் குமிழி இருக்கான்னு நமக்குத் தெரியாது, அதனால இந்த ரெண்டு க்ளிக்க ஒரு நாளும் விடக்கூடாது. ஃபேன நிறுத்திருவேன், டிவிய நிறுத்தச் சொல்லிருவேன், எண்ணும்போது யாரும் என்கூட பேசக்கூடாது, பேசினா மறுபடி பூஜ்யத்துக்கு வந்து முதல்ல இருந்து எண்ணுவேன். குத்தி முழுசா அமுக்கின பிறகு மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுத்தான் ஊசிய எடுக்கணும், இல்லன்னா மருந்து வெளிய வழியும். வயித்துல இடம் மாத்தி மாத்திப் போடணும், ஒரே இடத்துல குத்தினா கொழுப்புக் கட்டி விழும், அதுல மருந்து சரியா ஏறாது. அந்தக் கட்டிய விரல் வச்சுத் தடவித்தான் கண்டுபிடிக்கணும், கண்ணு தெரிஞ்சவங்களும் அப்படித்தான்.

பேனா ரெண்டு இருக்குல்லா, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுத வேகமான இன்சுலின் ஒண்ணு, ராத்திரி போடுத நீண்டநேர இன்சுலின் ஒண்ணு. மாத்திப் போட்டா அவ்வளவுதான். நான் டாக்டர்கிட்ட ஒரே ஒரு பிடிவாதம் புடிச்சேன், ரெண்டும் ஒரே கம்பெனி பேனாவா எழுதாதீங்க, கையில எடுத்தாலே வேற வேறன்னு தெரியணும்னு. அதுக்கு மேல ராத்திரி பேனாவுல ரப்பர் பேண்டு சுத்தியிருப்பேன், ஒண்ணு சமையலறையில, இன்னொண்ணு கட்டில் பக்கத்து ஸ்டூல்ல. மெடிக்கல்ல சில நேரம் "அதே மருந்துதான்க்கா, கம்பெனிதான் வேற"ன்னு குடுப்பாங்க. கவுண்டர்லயே பிரிச்சுத் தடவிப் பாத்துட்டு வேண்டாம்னு திருப்பிக் குடுத்துருவேன், பின்னால கியூவுல நிக்கவங்க என்ன நினைச்சாலும் சரி. வீட்ல மதினி கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஃபிரிட்ஜ எப்படி வேணும்னாலும் துடைங்க மதினி, கதவுல இருக்க என் டப்பாவ மட்டும் நகத்தாதீங்க, நகத்தினா என்கிட்ட வாயால சொல்லிருங்கன்னு. உங்க வீட்லயும் நீங்க பழக வேண்டியது இதுதான். ஊசி போடப் பழகுறது அவரு வேலை.

சுகர் பாக்க ப்ளூடூத் உள்ள மீட்டர் வச்சிருக்கேன், ஃபோன்ல டாக்பேக், திரையில இருக்கத சத்தமா வாசிக்குத வசதி, நம்பர வாசிச்சிரும். ஸ்ட்ரிப்போட ஓரம் முழுக்க எங்க தொட்டாலும் ரத்தத்த இழுத்துக்குத மாடலா பாத்து வாங்குங்க, சின்ன ஓட்டையில கொண்டுபோய் வைக்குத மாடல் நமக்குச் சரிப்படாது. கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுப் பாக்கணும், பழம் உரிச்ச கையோட பாத்தா இல்லாத சுகர் காட்டும். சுகர தானா பாத்துக்கிட்டே இருக்க, கையில ஒட்டுத சென்சார் நல்ல சாமான், ரெண்டு வாரம் போல வரும், சிலதுல லோ ஆனா ஃபோன் கத்தும், ஆனா விலை எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எல்லா மாசமும் கட்டாது.

லோ ஆச்சுன்னா, 70க்குக் கீழ போனா, 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்கணும். அளந்து சின்ன டப்பாவுல போட்டு பையில ஒண்ணு, தலமாட்டுல ஒண்ணு, ஸ்கூல் மேசையில ஒண்ணு. "திருநெல்வேலில இருந்துக்கிட்டு அல்வா இருக்கும்போது குளுக்கோஸ் எதுக்கு"ன்னு ஒரு ஆச்சி கேட்டாங்க. அல்வாவுல நெய்யி, கொழுப்பு சேந்தா சீனி ரத்தத்துல ஏற நேரமாகும், லோ ஆனவங்களுக்கு அது கூடாது. குளுக்கோஸ் இல்லன்னா வெறும் சீனிய தண்ணியில கலக்கிக் குடுங்க.

இன்சுலின் கலங்கிப்போச்சா, திரிஞ்சுபோச்சான்னு நம்மால பாக்க முடியாது, இது ஒண்ணுதான் நெசமான குறை. அதுக்கு நான் தேதியத்தான் நம்புதேன். பெரும்பாலான பேனா திறந்தா 28 நாளு, திறக்குத அன்னைக்கே ஃபோன்ல ரிமைண்டர் போட்டுருவேன். காரணம் இல்லாம சுகர் ஏறிக்கிட்டே இருந்தா அண்ணன் மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுவேன், சந்தேகம்னா புதுசு திறந்துருவேன். எங்க ஊரு வெயிலுக்குத் திறந்த பேனாவயும் சும்மா வைக்க முடியாது, 30 டிகிரிக்குள்ள இருக்கணும், பானைக்குள்ள ஈர மணல் போட்டு அதுல டப்பா வச்சிருக்கேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை எல்லாம் முங்கி, கரண்டு போயி ஃபிரிட்ஜ் நின்னப்ப அந்தப் பானைதான் மருந்தக் காப்பாத்துச்சு.

இப்ப என் மனசுல கிடக்கத சொல்லிருதேன். காய்ச்சல்னு இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேந்தேன், பேரு வேண்டாம். சேந்த உடனே பையில இருந்த ரெண்டு பேனாவயும் நர்ஸ் வாங்கி வச்சுக்கிட்டாங்க. ராத்திரி எனக்கு நீண்டநேர இன்சுலின் போடுத நேரம் வந்துச்சு, கேட்டேன். "சுகர் 110 தானம்மா இருக்கு, இப்ப இன்சுலின் வேண்டாம்னு டூட்டி டாக்டர் சொல்லிட்டாங்க"ன்னு பதில். எனக்குப் பக்குனு ஆயிட்டு. டைப் 1க்கு உடம்புல சொந்தமா இன்சுலின் கிடையாது, சாப்பிடலன்னாலும் சுகர் நார்மலா இருந்தாலும் அந்த ராத்திரி இன்சுலின் போட்டே ஆகணும், விட்டா கீட்டோன்னு ஒரு அமிலம் ரத்தத்துல ஏறி ஐசியுவுல கொண்டு விடும். இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், "நீங்க டென்ஷன் ஆகாதீங்கம்மா, தூங்குங்க"ன்னு தோளத் தட்டிட்டுப் போயிட்டா. மறுபடி பெல் அடிச்சேன், டாக்டர வரச் சொல்லுங்கன்னேன், அவரு வேற வார்டுல இருக்காருன்னாங்க. காலையில சுகர் 380, வாந்தி, யூரின்ல கீட்டோன்.

அப்பத்தான் டாக்டர் வந்தாரு. வந்தவரு என் கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டு எங்க தம்பிகிட்ட கேக்காரு, "இவங்க வழக்கமா எவ்வளவு போடுவாங்க?" தம்பிக்கு என்ன தெரியும், "எக்காகிட்டயே கேளுங்க சார்"ன்னான். "யாரு போட்டு விடுவா?" "அவளேதான் சார்." அப்பவும் என்கிட்ட பேசல. எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது கேக்கும் சார்னு சொன்னேன், சத்தமாவே சொன்னேன். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பேனாவக் கையில குடுங்கன்னு கேட்டு வாங்கி, அவரு முன்னால எட்டு க்ளிக் வச்சுக் காட்டினேன், நர்ஸ் பாத்து எட்டுன்னு வாசிச்சாங்க, திரும்ப பூஜ்யம் வச்சு பதினாலு வச்சேன், பதினாலுன்னாங்க. அவரு நல்ல மனுஷன், கேஸ் ஷீட்டுல எழுதிட்டாரு, பேனா என் தலமாட்டுக்கு வந்துட்டு. ஆனா சாயங்காலம் ஒரு ஃபாரம் வந்துச்சு, என் பொறுப்புலதான் போட்டுக்கிடுதேன்னு. நான் கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு இல்ல. போட்டேன். அது பத்தாதாம், தம்பியும் போடணுமாம். அவன் என்ன விட பத்து வயசு சின்னவன், அவனுக்கு அ ஆ சொல்லிக்குடுத்ததே நான். என் உடம்புக்கு நான் பொறுப்புன்னு சொல்ல அவன் சாட்சி!

இது ஆஸ்பத்திரியில மட்டும்னு நினைக்காதீங்க. நான் சம்பளம் வாங்குத பேங்க்ல செக் புக் கேட்டதுக்கு, கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. 2008லயே ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு, செக் புக், ஏடிஎம், லாக்கர், நெட் பேங்கிங் எதையும் பார்வை இல்லைங்கிற காரணத்துக்காக மறுக்கக்கூடாதுன்னு. அத நான் ஃபோன்ல வாசிக்க வச்சு மேனேஜர் காதுல கேக்க வச்ச பிறகுதான் குடுத்தாங்க, அதுக்கும் எத்தனை நடை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாம எங்கயோ போயிட்டேன்னு தெரியுது, ஆனா எங்க போனாலும் "கூட யாரும் வரலயா"ங்கிற அதே கேள்விதான், நீங்க கேட்டதும் அதுல போய் சேந்துட்டு. உங்க மேல கோவம் இல்ல.

சரி, உங்க வீட்ல பார்வை போனவரு பழகிப் பாக்க காலி பேனாவக் குடுக்காதீங்க. நிறைய பேனாவுல உள்ள மிச்சம் இருக்க மருந்துக்கு மேல திருகு நகராது, காலின்னா திருகவே செய்யாது, அவரு தனக்குத்தான் வரலன்னு நினைச்சுருவாரு. டாக்டர்கிட்ட டெமோ பேனா கேளுங்க, இல்லன்னா தேதி முடிஞ்சு மருந்து மிச்சம் இருக்க பேனாவுல பழகட்டும், உடம்புல இல்ல, மடிச்ச துண்டுல. அவரு க்ளிக் எண்ணும்போது நீங்க நம்பர முந்திச் சொல்லாதீங்க, அவரு சொன்ன பிறகு சரியான்னு மட்டும் சொல்லுங்க. தினமும் ராத்திரி ரெண்டு பாதத்தையும் விரல் இடுக்கு உட்பட கையால தடவிப் பாக்கச் சொல்லுங்க, வாரத்துக்கு ஒருதடவை நீங்களும் பாருங்க, சுகர்ல காலு மரத்திருந்தா புண்ணு வந்ததே தெரியாது. போட்ட ஊசிகள சோப்பு ஆயில் வர்ற மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி வைக்கணும், குப்பைப் பையில அப்படியே போட்டா குப்பை அள்ள வர்றவங்க கையில ஏறும். நிறைஞ்ச பாட்டில எங்க குடுக்கணும்னு உங்க டாக்டர் கிளினிக்லயே கேளுங்க, நான் எங்க டாக்டர்கிட்டதான் குடுத்துட்டு வாரேன்.