ஓர் எழுத்தாளர் வாசகரின் ஆர்வத்தையும் நம்பிக்கையையும் எவ்வாறு பெறுகிறார், எவ்வாறு காத்துக்கொள்கிறார்?

சிறு மாத இதழ் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக உள்ளூர் வரலாறு பற்றிப் பத்தி எழுதி வருகிறேன். அதற்கு முன் அதே இதழில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். எனவே பிறர் எழுதியதைச் சந்தேகத்தோடு படிப்பதும், நான் எழுதியதைப் பிறர் சந்தேகத்தோடு படிக்கக் கேட்பதும் எனக்குப் பழகிப்போனவை. இக்கேள்வியைக் கேட்டவர் ஆர்வத்தையும் நம்பிக்கையையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார். சுவை கூட்டினால் ஆர்வம் வரும், ஆதாரம் காட்டினால் நம்பிக்கை வரும் என்று நானும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது எனக்குத் தெரியச் சில ஆண்டுகள் ஆயின.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நம்மில் பலர் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். எழுதியவருக்கு அது ஒரு வரியில் வாசகரை வியக்க வைக்கும் வசதியான செய்தி. ஆனால் மாலை நான்கு மணிக்கு அந்தப் பிராகாரத்தில் நிற்கும் எந்தக் குழந்தையும் நிழலைத் தன் காலடியிலேயே பார்த்துவிடும். பார்த்தபின் அக்குழந்தை அந்த ஒரு வரியை மட்டும் ஒதுக்கிவிடுவதில்லை, அதே பக்கத்தில் இருந்த உண்மைகளையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறது. 1010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது என்ற செய்திக்கும் அப்போது மதிப்புக் குறைந்துவிடுகிறது. பொய்யான வியப்பைக் கொடுத்து ஆர்வத்தை வாங்குகிறவர், அதற்கான விலையைத் தம் மெய்யான செய்திகளின் கணக்கிலிருந்துதான் செலுத்துகிறார்.

அதே கோயிலின் சுவரில் உண்மையிலேயே வியக்கத்தக்கது ஒன்று இருக்கிறது. இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கான நடனப் பெண்களின், பட்டியல் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஒவ்வொருவரின் பெயர், அவர் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தளிச்சேரியில் (அவர்கள் குடியிருந்த தெருவில்) எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு அவருடையது என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடனமாடிய ஒரு பெண்ணின் வீட்டு எண் நமக்குக் கிடைத்திருக்கிறது. இதை எழுதினால் வாசகர் நிமிர்ந்து உட்காருகிறார் என்பதை என் பத்திக்கு வந்த கடிதங்களிலிருந்து அறிவேன். இதில் மிகைப்படுத்த எதுவுமில்லை. பட்டியலைப் பட்டியலாகவே சொன்னால் போதும். பொதுவான வியப்புச் சொற்களை விட்டுவிட்டு நுண்ணிய தகவல் ஒன்றை எடுத்துக் கொடுக்கும்போது ஆர்வமும் நம்பிக்கையும் ஒருங்கே வருவதை நான் முதன்முதலில் உணர்ந்தது இங்கேதான்.

ஆயினும் இக்கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை. அவர் தம் தன்வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதினார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. பழைய நூல்களைப் பதிப்பித்த ஒரு புலவரின் கதையை வார இதழின் வாசகர்கள் ஏன் படிக்க வேண்டும்? படித்தார்கள். இன்று எடுத்தாலும் கீழே வைக்க முடியவில்லை. அதற்குக் காரணம் தேடி அந்நூலை மூன்று முறை படித்தேன். என் கணிப்பில், தமக்குத் தெரியாமல் போன இடங்களை அவர் சற்றும் மறைக்காததே அதன் முதற்காரணம்.

கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்தது 1880 பிப்ரவரியில். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முனிசீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என்று அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமிதம் அந்த அடுக்கிலேயே தெரிகிறது. முதலியாரோ அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று அவர் அடுத்துக் கேட்டபோது, இவரிடம் விடை இல்லை. தாம் மட்டுமன்றித் தம் ஆசிரியரும் அவற்றைப் படித்ததில்லை என்பதையும் சாமிநாதையர் எழுதிவிடுகிறார். தமிழ்த் தாத்தா என்று நாடே கொண்டாடிய முதுமையில் ஒருவர் தம் இருபத்தைந்தாம் வயதின் அறியாமையை இப்படி விரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது, இவர் இனி எதைத் தெரியும் என்று சொன்னாலும் அது தெரிந்ததாகவே இருக்கும் என்ற எண்ணம் வாசகருக்கு உண்டாகிவிடுகிறது. எனக்கு உண்டாயிற்று.

பின்னர் நடப்பவை துப்பறியும் கதைக்குக் குறைந்தவை அல்ல. சிந்தாமணி சமண நூல். அதன் உரையாசிரியரான நச்சினார்க்கினியர் சொல்லும் பல செய்திகள் சைவப் பின்னணியில் வளர்ந்த இவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததை ஊகத்தால் மூடாமல், கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிப் போகிறார். அங்கோ அந்நூலைப் படித்து முடித்ததை ஒரு விழாவாகவே கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிப் புலவர்களுக்குப் பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த காப்பியம் நாலு தெரு தள்ளி உயிரோடு இருந்திருக்கிறது! இன்னொரு புதிரும் உண்டு. உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டும் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பது தெரியாமல் பல நாள் தவிக்கிறார். பிறகு பழைய ஏடுகளைப் புரட்டும்போது அவ்வரிகள் பத்துப்பாட்டுக்குள் இருப்பதைக் காண்கிறார். சங்க நூல்களின் வாயில் அவருக்குத் திறந்த கணம் அதுதான். நமக்கும் அப்போதுதான் திறக்கிறது, ஏனெனில் முடிவை முன்கூட்டிச் சொல்லாமல், தாம் தேடிய வரிசையிலேயே நம்மையும் அவர் அழைத்துச் செல்கிறார். எழுத்தின் சுவை பற்றிப் பலரும் பல உத்திகளைச் சொல்கிறார்கள். தேடலைத் தேடலாகவே காட்டுவதற்கு மேலான உத்தியை நான் கண்டதில்லை.

நம்பிக்கை பற்றிப் பேச, தன்வரலாற்றைவிட அவருடைய பதிப்புகளே பொருத்தமானவை. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. முகவுரைகளில் ஏடு கொடுத்தவர்களின் பெயர்களையும் உதவியவர்களின் பெயர்களையும் குறித்தார். பிரதிக்குப் பிரதி வேறுபட்ட பாடங்களையும் (சொல் வடிவங்களையும்) வாசகர் காணும்படி தந்தார். தாம் தேர்ந்த பாடம் தவறாக இருந்தால், அதைத் தவறென்று காட்டுவதற்கான கருவியையும் அவரே வாசகர் கையில் கொடுத்துவிட்டார் என்பதுதான் இதன் பொருள். என்னைப் போன்ற மெய்ப்புத் திருத்துபவனுக்கு இது உடல் சிலிர்க்க வைக்கும் செயல். புறநானூற்றில் செல்லரித்துப் போன வரிகளுக்கு அவர் புள்ளிகளை வைத்தார். செய்யுள் இயற்றத் தெரிந்தவர், மகாவித்துவானின் மாணவர், அந்த இடைவெளியை ஓசை பிசகாமல் நிரப்புவது அவருக்கு ஒரு மாலை நேர வேலை. நிரப்பவில்லை. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. அவ்விரண்டு எண்களும் இன்றும் பாடல் இல்லாத எண்களாகவே இருக்கின்றன. அந்த வெறுமையைப் பார்த்த பிறகுதான் மற்ற பாடல்களின் ஒவ்வொரு சொல்லையும் நான் ஐயமின்றிப் படிக்கிறேன்.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்கள் தொண்ணூற்றொன்பது. அவர் பார்த்த ஏடுகளில் அவற்றுள் மூன்று பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. மூன்று பெயர்கள்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. தருமபுர மடத்து ஏட்டில் அவை அகப்படும்வரை தேடினார். அந்தத் தேடலைப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையாக எழுதி, அதற்கு ‘உதிர்ந்த மலர்கள்’ என்று பெயரிட்டார். தலைப்பிலேயே ஆர்வத்தைத் தூண்டத் தெரிந்தவர்தான். ஆனால் அந்தத் தலைப்பு தரும் வாக்குறுதியை உள்ளே இருக்கும் உழைப்பு நிறைவேற்றுகிறது. (தலைப்பு ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக எழுதுவதைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லத் தேவையில்லை, அனைவரும் நாள்தோறும் ஏமாறுகிறோம்.)

அவரைத் தாக்கிக் கண்டனங்கள் வராமலில்லை. சிந்தாமணி வந்தவுடனேயே பிழை காட்டும் துண்டுப் பிரசுரங்கள் கிளம்பின. அவற்றால் அவர் மனம் புண்பட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனினும் மறுப்புக்கு மறுப்பு என்று எழுதிக் காலத்தைச் செலவிடாமல் அடுத்த நூலுக்குப் போனார். சிந்தாமணியையும் பின்னர் திருத்திய பதிப்பாக மீண்டும் கொண்டுவந்தார். வாசகரின் நம்பிக்கையை வாதத்தால் மீட்க முயல்பவர் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் இழக்கிறார் என்பது என் அனுபவம்.

புனைகதைக்கு இது பொருந்துமா என்று யாரேனும் கேட்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதினார். ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாக உடையார்குடிக் கல்வெட்டில் வரும் இரவிதாசன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். நந்தினியைத் தாமே படைத்தார். கொலை செய்தது யார் என்ற ஐயத்தைக் கதையில் அவிழ்க்காமலே விட்டார். தொடர் திடீரென முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டபோது, முடிவுரை ஒன்று எழுதி, இன்னின்னாருக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பதை விளக்கினார். மூன்றரை ஆண்டு தம்மோடு வந்தவர்களுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்ற பொறுப்பு அதில் தெரிகிறது.

இனி என் கதை. பத்தி தொடங்கிய இரண்டாம் ஆண்டில், எங்கள் பக்கத்து ஊர்க் குளம் ஒன்றைச் சோழ மன்னர் ஒருவர் வெட்டினார் என்றும், கல்வெட்டு அவ்வாறு கூறுகிறது என்றும் எழுதினேன். அடுத்த வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. எந்தக் கல்வெட்டு, கோயிலின் எந்தச் சுவரில் உள்ளது என்று இரண்டே கேள்விகள். நான் கல்வெட்டைப் பார்த்திருக்கவில்லை. கோயில் அர்ச்சகர் சொன்னதைக் கேட்டு, சொன்னவரைக் குறிப்பிட்டால் கட்டுரை கனம் குறைந்துவிடுமோ என்று அஞ்சி, ‘கல்வெட்டு கூறுகிறது’ என்று மாற்றியிருந்தேன். திருத்தம் வெளியிட ஆசிரியர் தயங்கினார். ஒரு குளத்துக்காக இதழின் பெயரைக் கெடுத்துக்கொள்வதா என்று கேட்டார். இரண்டு மாதம் இழுபறிக்குப் பின், நான் பொய்யான ஆதாரம் காட்டினேன் என்பதை என் பத்தியின் தொடக்கத்திலேயே நான்கு வரிகளில் எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சந்தாவை நிறுத்தியவர் ஒருவர் உண்டு. அஞ்சலட்டை எழுதியவரிடமிருந்து பதிலே இல்லை. வேறு ஏழெட்டுப் பேர் தங்கள் வீட்டிலிருந்த பழைய பத்திரங்களின் நகல்களை அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை அப்படி ஒன்றும் வந்ததில்லை.

அதன்பின் நான் கடைப்பிடிப்பது இவ்வளவே. நேரில் பார்த்ததை ‘பார்த்தேன்’ என்றும், கேட்டதை ‘ஊரார் சொல்கிறார்கள்’ என்றும், என் ஊகத்தை ‘எனக்குத் தோன்றுவது’ என்றும் வேறுபடுத்தி எழுதுகிறேன். இதனால் நடை தடைபடும் என்று பலர் எச்சரித்தார்கள். தடைபடுகிறதுதான், சில இடங்களில் மிகவும். ஆனால் வாசகர் கடிதங்களில் இப்போது அதிகம் பேசப்படுவது ‘ஊரார் சொல்கிறார்கள்’ என்று நான் எழுதிய பகுதிகளே. எங்கள் ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள் என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். அந்தக் குளத்தை வெட்டியவர் யார் என்பதற்கும் இதுவரை மூன்று கதைகள் வந்துள்ளன. மூன்றையும் எழுதி, கீழே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.