இதய வால்வில் கிருமித் தொற்று இருந்தால் இடுப்பு வலி, மூட்டு வலி வருமா?

வரும். அம்மாவுக்கு வால்வு கோளாறு, ஒரு மாதமாக இடுப்பு வலி, சாயங்காலமானால் காய்ச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் பகீரென்றது. நான் டாக்டர் இல்லை. ‘மூட்டு வலிக்கெல்லாம் இதயத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறான்’ என்று சண்டைக்கு வருபவர்கள் மன்னிக்கவும், வால்வு பழுதானவர்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) லீக். 2018இல் திடீரென்று இடுப்பு பிடித்தது. பிறகு தோள்பட்டை, முழங்கால். கெண்டைக்கால் சதையைத் தொடவிட மாட்டார். தெரு முனை கிளினிக்கில் ‘சிக்குன்குனியா’ என்று வலி மாத்திரையும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கும். காய்ச்சல் இறங்கும், மாத்திரை தீர்ந்ததும் மறுபடி 100. ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். உடனே முடக்குவாதம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வால்வுத் தொற்று நீடித்தாலும் அது பாசிட்டிவ் ஆகும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், அம்மாவின் விரல் நுனியில் சிவந்திருந்த முடிச்சை அழுத்தினார். அம்மா கத்திவிட்டார். வால்வுத் தொற்றில் அப்படி வலிக்கும் முடிச்சு வருமாம். “சமீபத்துல பல்லு ஏதாச்சும் புடுங்குனீங்களாம்மா?” புடுங்கியிருக்கிறார், எங்களிடம் சொல்லாமலே. வால்வு விஷயத்தைப் பல் டாக்டரிடமும் சொல்லவில்லை. பல் புடுங்கிய இடம் வழியாக வாய்க்கிருமி ரத்தத்தில் ஏறி, பழுதான வால்வில் ஒட்டிக்கொள்ளுமாம். எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வில் கிருமிக் கொத்து தெரிந்தது. ஏற்கெனவே தின்ற ஆன்டிபயாடிக்கால் முதல் பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை, பிறகு எடுத்ததில்தான் வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்தது. நான்கு வாரம் நரம்பு வழியாகப் பெனிசிலின். எந்தத் தைலத்துக்கும் அசையாத இடுப்பு வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது.

வால்வுத் தொற்றில் மூட்டு வலி வருவது அபூர்வம் என்பார்கள், அப்படியில்லை. 1977இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் இந்த நோய் வந்த 192 பேரில் 84 பேருக்கு மூட்டு, தசைத் தொந்தரவு இருந்தது.

அந்த நான்கு வாரமும் நானும் என் மனைவியும்தான் மாறி மாறி ஆஸ்பத்திரியில் படுத்தோம். தம்பி ஒரே ஒரு நாள் ஆப்பிள் பையோடு வந்து செல்ஃபி எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். இன்றைக்கும் ஊரில் ‘சின்னவன்தான் ஆத்தாளைக் காப்பாத்தினான்’ என்றுதான் பேச்சு. சரி, அது கிடக்கட்டும்.

நாளைக்கே இதய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிளட் கல்ச்சர் எடுக்குமுன் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.