மார்ஃபின் டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கேன்சர் ஓ.பி.க்குப் பக்கத்து அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ் நான். பலகையில் ‘நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் பேலியேட்டிவ் கேர். வருகிறவர்களுக்கு அது ‘வலி ரூம்’. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பேலியேட்டிவ் கேர் நர்ஸ் என்றால் சாகப்போகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தானே? அதற்குத் தனிப் படிப்பு எதற்கு? – வாசகர், தேனி

உட்கார எங்கே நேரம்? எங்களுக்கென்று தனி வார்டு கிடையாது. காலை எட்டு மணிக்கே ஏதாவது ஒரு வார்டிலிருந்து போன் வரும். போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, “ராத்திரி தூங்கினீங்களா?” வலிக்கிறதா என்று நேராகக் கேட்டால் நம் ஆட்கள் “பரவாயில்ல” என்பார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கச் சொல்லித்தான் பயிற்சியில் கொடுத்தார்கள். அது இங்கே எடுபடவில்லை. “முழு வலிக்கு ஒரு ரூபான்னா, இப்ப எவ்வளவு வலிக்குது?” என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். காலையில் நாலணா, திரும்பிப் படுத்தால் முக்கால் ரூபாய். ஒரு பாட்டி “ஒண்ணே கால் ரூபா தாயி” என்றார். சார்ட்டில் பத்துக்குப் பத்து என்று எழுதினேன்.

வலிதான் பாதி வேலை. வாந்தி, மூச்சுத் திணறல், மலச்சிக்கல், ஆறாத புண், மூக்கு வழியாகப் போட்ட டியூபில் கஞ்சி கொடுப்பது எப்படி என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, ரேஷன் கார்டு இல்லாமல் காப்பீட்டில் சேர முடியாமல் நிற்பவரைச் சரியான கவுன்டருக்கு அனுப்புவது எல்லாம் மீதி. இதற்காகக் கேரளாவுக்குப் போய் ஆறு வாரம் பயிற்சி எடுத்தேன். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் ஆரம்பித்த வேலை இன்று அந்த மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கூட படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடப் பழகியிருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்பதும் தப்பு. கிட்னி, இதயம், நுரையீரல் கெட்டுப்போனவர்களும் வருகிறார்கள். கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வரலாம். ஆனால் முக்கால்வாசிப் பேர், “இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று எங்கேயோ கைகழுவிய பிறகுதான் வருகிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பண்ணுவதற்கு நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு வலிக்காக மார்ஃபின் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அது போதை மருந்தாமே? பழகிவிட்டால் கடைசியில் வேலை செய்யாது என்று என் சித்தப்பா சொல்கிறார். எனவே, ரொம்ப முடியாத நாளில் மட்டும் கொடுக்கிறேன். சரிதானே? – வாசகி, திண்டுக்கல்

சரியில்லை அம்மா. உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தத் தலைப்பையே வைத்தேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பெரியவர் வந்தார். தொண்டையில் கேன்சர். இரண்டு வாரத்துக்கு 84 மாத்திரை கொடுத்து அனுப்பினோம். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொன்று. நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு பத்து மணிக்கு இரண்டு. ஒரு நாளைக்கு ஆறு. இரண்டு வாரம் கழித்து ஆட்டோவில் சுருண்டு படுத்தபடி வந்தார். அவர் மனைவியிடம் டப்பாவை வாங்கி எண்ணினேன். 61 இருந்தது. அரிசித் தூக்குக்குள் போட்டு வைத்திருந்தாராம். “தாங்க முடியாம கத்தும்போது குடுக்கலாம்னு மிச்சம் புடிச்சேன் சிஸ்டர்” என்றார். பாசத்தில் செய்ததுதான், திட்ட வாய் வரவில்லை.

இந்த மாத்திரையின் வேலை ஏறக்குறைய நாலு மணி நேரம். அது தீருவதற்குள் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும். வலி முழுசாக ஏறின பிறகு கொடுத்தால் அதை இறக்க அதிக மருந்து வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்காதே, மணி பார்த்துக் கொடு என்பது இந்தத் துறையின் பால பாடம். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, ஆரம்பித்த சிசிலி சாண்டர்ஸ், அதற்கு ரொம்ப முன்பே ஒரு சின்ன இல்லத்தில் தொண்டு செய்யப் போன இடத்தில் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அவர் முதலில் நர்ஸ். முதுகுக் கோளாறால் அந்த வேலையை விட்டு, அப்புறம் மருத்துவ சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்குப் படித்தவர். எனக்கும் முதுகுவலி உண்டு, டாக்டராகத்தான் முடியவில்லை.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது ரொம்ப அபூர்வம். உடம்பு அதற்குப் பழகும் என்பது வாஸ்தவம். அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ரேடியேஷனில் வலி குறைந்து, மார்ஃபினை மெதுவாக இறக்கி நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். நோய் ஏறினால் அளவைக் கூட்ட இடம் உண்டு, ‘கடைசிக்கு’ என்று சேமித்து வைக்கத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அடங்கிவிடும். அடங்காத ஒன்று மலச்சிக்கல். அதற்கு வாழைப்பழம் போதாது. மார்ஃபினோடு பேதி மருந்தும் எழுதியிருப்பார்கள், அதைத் தினமும் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கினாலோ உடனே போன் செய்யுங்கள்.

அந்தப் பெரியவர்? மணி பார்த்துக் கொடுத்த மூன்றாம் நாள் ஷேவ் பண்ண ஆள் கேட்டார்.

அப்பாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் உடைந்துவிடுவார். நர்ஸ்கள் யாராவது உளறிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், கரூர்

உளற மாட்டோம். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யையும் சொல்ல மாட்டோம்.

இதே மாதிரி ஒரு மகன் வெளியே என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். சரி என்று உள்ளே போனேன். டிரிப் போட்ட கையால் அப்பா பக்கத்தில் கூப்பிட்டார். “ரேடியேஷன் ரூம்ல அல்சருக்கு என்னம்மா வேலை? எனக்கு எப்பவோ தெரியும். பையன்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டான்.” ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒளித்துக்கொண்டு, இரண்டு மாதமாக இருவரும் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அப்பாவுக்கு ஒரு கவலை இருந்தது. பத்திரம் எதுவும் இல்லாமல் ஒருவருக்கு நாற்பதாயிரம் கொடுத்திருந்தார். அதை மகனிடம் சொல்லப்போனால், ஏன் இப்போது சொல்கிறார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

ஒரேயடியாகப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. “உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம், நானே பழக இரண்டு வருடம் ஆனது. தெரிந்துகொள்ள விரும்பாதவர் பேச்சை மாற்றிவிடுவார், அப்போது விட்டுவிடலாம். விரும்புகிறவர் அடுத்த கேள்வி கேட்பார். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொன்னால் போதும். தயக்கமாக இருந்தால் எங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி சாப்பாட்டை நிறுத்தி நாலு நாள் ஆகிறது. பட்டினி போட்டுக் கொல்கிறோம் என்று ஊர் பேசுகிறது. குளுக்கோஸாவது ஏற்றச் சொல்லலாமா? – வாசகி, மேலூர்

முதலில், வாய்ப்புண், மலச்சிக்கல், வாந்தி மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துவிட வேண்டும். அதெல்லாம் இல்லை, உடம்பு அடங்கிக்கொண்டு வருகிறது என்றால், அந்த நிலையில் பெரும்பாலும் பசி தெரியாது. சாப்பிடாததால் அடங்கவில்லை, அடங்குவதால்தான் சாப்பிட முடியவில்லை. இந்தக் கட்டத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் கால் வீங்கும், நெஞ்சில் சளி சேர்ந்து மூச்சு இரையும்.

வாய் வறட்சிதான் அவர்களைப் படுத்தும். சுத்தமான துணியை நனைத்து விரலில் சுற்றி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் மெதுவாகத் துடையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் செய்தாலும் அதிகமில்லை. உதட்டில் தேங்காய் எண்ணெய். விழித்திருந்து விழுங்க முடிந்தால், தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் இளநீர். உறவுக்காரர்கள் ஆளாளுக்குப் பால் ஊற்ற வருவார்கள். வேண்டாம் என்று நான் சண்டை போட்டதில்லை. பஞ்சில் தொட்டு உதட்டில் தடவச் சொல்வேன். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது புரையேறி மூச்சுக்குழலுக்குப் போகும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அதற்கு மருந்தும் இருக்கிறது. காது கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். நகை யாருக்கு என்ற பேச்சைத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம்.

மார்பகப் புண்ணின் நாற்றத்தால் அக்கா யாரையும் அறைக்குள் விடுவதில்லை. – வாசகி, மதுரை

இதற்கு வழி இருக்கிறது. ஊதுவத்தி ஏற்றாதீர்கள், இரண்டு வாசனையும் சேர்ந்து இன்னும் மோசமாகும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவிடுங்கள். புண்ணில் ஒட்டிய கட்டுத் துணியை அந்தத் தண்ணீரால் நன்றாக ஊறவைத்து எடுங்கள், காய்ந்தபடி பிய்த்தால் ரத்தம் வரும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவச் சொல்லிக்கொடுப்போம். விலை மலிவான மாத்திரைதான். சில நாளில் நாற்றம் நன்றாகக் குறையும். ஒரு தடவை அழைத்து வாருங்கள், கட்டுப் போட்டுக் காட்டுகிறேன்.

வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா? – வாசகர், ஒட்டன்சத்திரம்

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதுவும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். எங்களிடம் வாங்கிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

தினமும் இதையே பார்த்து உங்கள் மனசு மரத்துப்போகவில்லையா? – வாசகி, சிவகாசி

சில நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். சில நாள் அடுத்த ஸ்டாப்பிலேயே என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசித்திருக்கிறேன். இரண்டும் நான்தான்.

போன மாதம் ஒரு பெண் வந்தார். அவருடைய அம்மா எங்களிடம் ஐந்து மாதம் வைத்தியம் பார்த்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பஸ் ஏறி வந்திருக்கிறார். மஞ்சள் பைக்குள்ளிருந்து மார்ஃபின் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். மிச்சத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். “ஒன்பது இருக்கும், எண்ணிப் பாத்துக்கங்க சிஸ்டர்” என்றார். எண்ணினேன், ஒன்பது. ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். போகும்போது திரும்பி வந்து, “கடைசி ராத்திரி பத்து மணி டோஸும் குடுத்துட்டேன்” என்றார்.