அம்மாவிடம் வசனம் காட்டி வாதாட வேண்டாம்

தம்பி, பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டு, சபைக்குப் போவதை நிறுத்திவிட்டதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தில் 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் எதிரிகளான அமலேக்கியரின் கைக்குழந்தைகளையும் கொல்லக் கடவுள் சொல்லியிருப்பது ஏன் என்று கேட்டதற்கு, பாஸ்டர் "கேள்வி கேட்பது பிசாசின் வேலை" என்றாராம். வசனத்தைவிட அந்தப் பதில்தான் உங்களை வெளியே அனுப்பியது என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வி மிகப் பழையது. மார்சியன் என்ற ஆதிகாலக் கிறிஸ்தவப் போதகர் பழைய ஏற்பாட்டின் கடவுளையே ஏற்க மறுத்து, கி.பி. 144இல் ரோமாபுரிச் சபையிலிருந்து விலக்கப்பட்டார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், பழைய ஏற்பாட்டில் வரும் யோசுவாவின் போர்களை மனதுக்குள் பாவத்தோடு நடக்கும் போராக வாசித்தார். விசுவாசிகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள். கேட்டதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம்.

அம்மா விஷயம் வேறு. கொழுந்து பறிக்கப் போகுமுன் 23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை ஆராய்வதில்லை. மலைச்சரிவில் கைத்தடி ஊன்றுவதுபோல ஊன்றி நடக்கிறார். அவரிடம் போய் அமலேக்கியர் கதையை எடுக்காதீர்கள். "எனக்கு இப்ப நம்பிக்கை இல்லம்மா, ஆனா நீங்க ஜெபிக்கும்போது பக்கத்தில இருப்பேன்" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மையாகவே மனமிருந்தால் மட்டும். நடித்தால் சீக்கிரம் கசந்துவிடும்.

அப்புறம், மரண வீடு, சுகவீனம் என்றால் தோட்டத்தில் முதலில் ஓடிவருகிறவர்கள் சபைக்காரர்கள்தான். அந்த உறவை முறிக்காதீர்கள். சபையில் நீங்கள் வகிக்கும் வாலிபர் கூட்டப் பொறுப்பை மட்டும் முறையாக ஒப்படைத்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னமே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டார் வாயால் அவர் கேட்கக் கூடாது.